பாரமவுண்ட் ஏர்வேஸ்: கூட்டம் இருந்தும் ஏன் மூடினார்கள்?

கேட்ட கேள்வி இது: "மதுரை ஜவுளிக் குழுமம் ஒன்று நடத்திய பாரமவுண்ட் ஏர்வேஸ் நல்ல சர்வீஸ்தானே, சீட்டும் நன்றாகத்தான் நிரம்பியது, அப்புறம் ஏன் ஐந்தே வருடத்தில் காணாமல் போனது? முதலாளி தப்பா, அரசாங்கத்தின் தப்பா?"

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் பைலட்டும் இல்லை, பாரமவுண்டில் வேலை பார்த்தவனும் இல்லை. மீனம்பாக்கத்தில் விமானங்களுக்குத் தரைப்பணி செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். பில் போடுவது, பாக்கிக்கு நடப்பது, இதுதான் வேலை. அதனால் எந்த விமான நிறுவனத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது "இந்த மாத வாடகையைக் கட்டிவிட்டார்களா" என்பதுதான். பதிலும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 அக்டோபரில் பாரமவுண்ட் பறக்க ஆரம்பித்தது. தலைமையிடம் சென்னை. அன்றைக்கு மதுரையிலிருந்து சென்னைக்குத் தொழில் விஷயமாகப் போகிறவர் என்ன செய்வார்? ராத்திரி பாண்டியனில் ஏறிப் படுத்தால் விடிகாலை எழும்பூர். லாட்ஜில் ஒரு குளியல், பத்து மணிக்கு வேலை, மறுபடி ராத்திரி பாண்டியன். இரண்டு ராத்திரி ரயிலில், ஒரு பகல் சென்னையில். இந்த ஆளைத்தான் பாரமவுண்ட் குறிவைத்தது. காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், அதுவும் கசங்காத சட்டையோடு.

அதே சமயம் ஏர் டெக்கான் என்ற மலிவு விலை நிறுவனம் விமானத்தை பஸ் மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தது. பாரமவுண்ட் நேர் எதிர்த்திசையில் போனது. விமானம் முழுக்க பிசினஸ் கிளாஸ் என்றார்கள், விலையோ மற்ற நிறுவனங்களின் முழு எகானமி கட்டணத்தை ஒட்டித்தான். அதற்கு அவர்கள் எடுத்த விமானம் பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175. உலகத்திலேயே 2004இல்தான் சேவைக்கு வந்த ரகம், இந்தியாவில் முதலில் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஒரு வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக நான்கு சீட், நடு சீட் என்ற பேச்சே கிடையாது. விமானத்தின் வயிறு தரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும், அதனால் எங்கள் ஆட்களுக்குப் பெட்டி ஏற்றுவது ஏர்பஸ்ஸை விட சுலபம். வந்த விமானத்தை சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடலாம். லோடர்களுக்குப் பிடித்த விமானம் அது, இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

சரி, எழுபது எழுபத்தைந்து சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய நிறுவனங்களோடு எப்படி விலையில் போட்டி போட முடிந்தது? இங்கேதான் சட்டத்தில் இருந்த ஒரு சலுகை வருகிறது, கதையில் பாதி இதுதான்.

80 சீட்டுக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்கு, விமானநிலையத்தில் இறங்குவதற்குக் கட்டவேண்டிய இறங்குகட்டணம் கிடையாது என்று 2004லேயே அரசாங்கம் சொல்லிவிட்டது. சின்ன ஊர்களுக்கு விமானம் போகட்டும் என்ற எண்ணம். அடுத்தது எரிபொருள் வரி. விமான எரிபொருளுக்கு விற்பனை வரி போடுவது மாநில அரசு, அப்போது தமிழ்நாட்டில் 29 சதவீதம். டர்போப்ராப் என்று சொல்லும் விசிறி விமானங்களுக்கு மட்டும் 4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று மத்திய அரசு முதலில் கட்டுப்படுத்தியது. 2007 பட்ஜெட்டில் முழு எடையோடு கிளம்பும்போது 40 டன்னுக்குக் கீழே இருக்கிற எல்லா விமானங்களுக்கும் அதை விரித்தார்கள். எம்ப்ரேயர் 170 சுமார் 37 டன், 175இன் ஒரு வகை 39 டன்னுக்குக் கொஞ்சம் உள்ளே. கச்சிதமாக வேலிக்குள் நிற்கிற ஜெட்.

கணக்கு போட்டுப் பாருங்கள். வரிக்கு முன் 100 ரூபாய் எரிபொருள். மதுரை விமானநிலையத்தில் ஏர்பஸ் ஏ320 நின்றால் அதற்கு 129 ரூபாய். பக்கத்திலேயே நிற்கும் எம்ப்ரேயருக்கு 104. செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளுக்கே போகிற தொழிலில் இது சாதாரண விஷயம் இல்லை. 175இல் எண்பதுக்கு மேல் சீட் போட இடம் இருந்தும் இவர்கள் 75ஓடு நிறுத்தினார்கள். கால் நீட்ட இடம் என்று பயணிக்குப் பெருமையாகச் சொன்னார்கள், அது உண்மையும்கூட, ஆனால் அந்தப் பெருமையில் இறங்குகட்டணக் கணக்கும் இருந்தது.

இந்தச் சலுகையில் ஒரு ஓட்டை உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. ஏர்பஸ்ஸோடு ஒப்பிட்டால்தான் எம்ப்ரேயருக்கு லாபம். அதே சலுகை ஏடிஆர் விமானத்துக்கும் இருக்கிறதே! ஏடிஆர் விசிறி விமானம், மெதுவாகப் போகும், ஆனால் அதே எழுபது பேரைக் கொண்டுபோக ஜெட்டை விட எவ்வளவோ குறைவாகக் குடிக்கும். சென்னையிலிருந்து மதுரைக்கு ஜெட் வேகத்தில் மிச்சமாவது கால் மணி நேரம் போல. ஜெட் ஏர்வேஸ், டெக்கான், பின்னால் கிங்ஃபிஷர், எல்லாரிடமும் ஏடிஆர் இருந்தது. ஆக மேலே ஏர்பஸ், கீழே ஏடிஆர், நடுவில் பாரமவுண்ட். சொகுசுக்குக் காசு கொடுக்கிற ஆள் இருக்கிற வரைக்கும் இந்த நடு இடம் நல்ல இடம்.

2007, 2008 வரை அந்த ஆள் இருந்தார். சென்னை, மதுரை, கோவை, கொச்சி, திருவனந்தபுரம், பெங்களூரு, ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று தெற்கு முழுக்கப் பறந்தார்கள். எத்தனை விமானத்தோடு என்று நினைக்கிறீர்கள்? ஐந்து.

அந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூறு விமானம் வைத்திருப்பவனுக்கு ஒன்று பழுதானால் அது ஒரு சதவீதத் தலைவலி. ஐந்து வைத்திருப்பவனுக்கு ஒன்று நின்றால் அன்றைய வியாபாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. காலை மதுரை விமானம் தாமதமானால் அதே விமானம் போகவேண்டிய கொச்சியும் தாமதம், பெங்களூருவும் தாமதம். மாற்று விமானம் சும்மா ஒன்று நிறுத்தி வைக்கலாம் என்றால் அதற்கும் வாடகை ஓடும். நாட்டில் வேறு யாரிடமும் அந்த ரக விமானம் இல்லாததால் அவசரத்துக்கு ஒரு உதிரிபாகம் கடன் வாங்கக்கூட ஆள் கிடையாது. ஏ320 என்றால் பக்கத்து கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிவரலாம், சர்வ சாதாரணமாக நடக்கிற விஷயம் அது. பைலட்டும் அப்படித்தான். ஏ320, போயிங் 737 ஓட்டுகிறவர் சந்தையில் கிடைப்பார், எம்ப்ரேயர் ஓட்ட நீங்களே வெளிநாட்டு சிமுலேட்டருக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கவேண்டும், கொடுத்து முடித்ததும் பெரிய கம்பெனி கூப்பிட்டால் அவர் போய்விடக்கூடாது என்று சாமியைக் கும்பிட்டுக்கொள்ள வேண்டும்.

2008இல் மூன்று அடி சேர்ந்து விழுந்தது. ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது, எல்லாருக்கும் தெரிந்த கதை, அதை விடுகிறேன். அடுத்த அடி டாலர். விமான வாடகை டாலரில்தான், மாதம் பிறந்ததும் முன்கூட்டியே கட்டவேண்டும், டிக்கெட் விற்பது ரூபாயில். 2008 தொடக்கத்தில் டாலர் 39 ரூபாய் சொச்சம், 2009 மார்ச்சில் 51 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு விமானத்துக்கு மாதம் 2 லட்சம் டாலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 39 ரூபாயில் 78 லட்சம், 51 ரூபாயில் 1 கோடியே 2 லட்சம். ஐந்து விமானத்துக்கு மாதம் 1 கோடியே 20 லட்சம் கூடுதல். ஒரு பயணிகூட அதிகமாக ஏறவில்லை, ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாகப் பறக்கவில்லை, பணம் மட்டும் போகிறது. இது போக இன்ஜின் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் பராமரிப்பு நிதி என்று தனியாகக் கட்டவேண்டும், அதுவும் டாலர்தான்.

மூன்றாவது அடியைப் பலர் மறந்துவிட்டார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2008 மார்ச்சில் ஹைதராபாத் விமானநிலையம் பேகம்பேட்டிலிருந்து ஷம்ஷாபாத்துக்குப் போனது, மே மாதம் பெங்களூரு விமானநிலையம் நகருக்குள் இருந்த எச்ஏஎல் இடத்திலிருந்து தேவனஹள்ளிக்குப் போனது. சென்னை–பெங்களூரு விமானத்தில் பறக்கிற நேரம் முக்கால் மணி. இறங்கிய பிறகு நகருக்குள் போக ஒன்றரை மணி, டாக்சிக்கு டிக்கெட்டில் பாதி. காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற அந்த ஆள், பாரமவுண்டின் உயிர்நாடியான அதே ஆள், "சதாப்தி ஐந்து மணி நேரத்தில் நடு ஊரில் இறக்கிவிடுகிறதே" என்று யோசிக்க ஆரம்பித்தார். குறுந்தூரம்தான் ஒரு வட்டார விமான நிறுவனத்தின் சோறு. அந்தத் தட்டில்தான் கை வைத்தார்கள், வேண்டுமென்று இல்லை என்றாலும்.

இந்த நிலையில் 2009 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் பத்து ஏர்பஸ் ஏ321 வாங்குவதாக பாரமவுண்ட் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ஏ321 இருநூறு சீட் அளவுக்குப் போகிற விமானம். நான் அந்தச் செய்தியை கேன்டீனில் படித்தபோது பக்கத்தில் இருந்த சீனியர் ஒருவர், "ஐந்து ஆட்டை மேய்க்கக் கயிறு இல்லை, பத்து யானைக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார்" என்றார். கொஞ்சம் கொடுமையான கிண்டல்தான். முதலாளியின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: ஐந்து விமானத்தில் தலைமை அலுவலகச் செலவு, பயிற்சிச் செலவு, உதிரிபாகச் செலவு எதுவும் கட்டாது, பெரியதாக வேண்டும். ஆனால் பெரியதாகிற அந்த நிமிடமே 80 சீட், 40 டன் வேலியைத் தாண்டிவிடுகிறீர்கள். 104 ரூபாய் எரிபொருள் 129 ஆகிவிடும், இறங்குகட்டணம் வரும், எதிரே இண்டிகோ நிற்கும். சின்ன விமானத்துக்கு மட்டும் சலுகை கொடுக்கிற கொள்கையின் கோளாறு இது. சின்னதாகவே இருந்தால் நஷ்டம், வளர்ந்தால் சலுகை போகும். அந்த ஏர்பஸ் எதுவும் வரவில்லை.

வந்தது லண்டனிலிருந்து தீர்ப்பு. ஐந்தில் மூன்று எம்ப்ரேயரை வாடகைக்குக் கொடுத்திருந்தது செலஸ்டியல் ஏவியேஷன் என்ற கம்பெனி, ஜிஇ நிறுவனத்தின் விமான வாடகைப் பிரிவைச் சேர்ந்தது. வாடகை பாக்கி விழுந்ததும் ஒப்பந்தத்தை ரத்து செய்து விமானத்தைத் திருப்பிக் கொடு என்றார்கள். ஒப்பந்தம் ஆங்கிலேயச் சட்டப்படி எழுதப்பட்டது, அதனால் வழக்கு லண்டன் வணிக நீதிமன்றத்தில். பாரமவுண்ட் வைத்த வாதங்களில் ஒன்றைப் புரியும்படி சொல்கிறேன். வீட்டையோ நிலத்தையோ நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவர் ஒரு தவணை தவறினால் உடனே தூக்கி வெளியே போடாமல், "பாக்கியைக் கட்டிவிடுகிறேன், தொடர விடுங்கள்" என்று கேட்க நீதிமன்றம் இடம் கொடுக்கும். அதே கருணையை விமானத்துக்கும் காட்டுங்கள் என்பதுதான் கோரிக்கை. 2010 பிப்ரவரியில் நீதிமன்றம் முடியாது என்றது. இந்த வாடகை எட்டு வருடம், விமானத்தின் ஆயுளோ இருபது வருடத்துக்கு மேல், ஆயுளில் ஒரு பகுதிக்கு மட்டும் எடுத்தவருக்கு சொந்தக்காரரைப் போன்ற உரிமை எதுவும் சேராது, ஒப்பந்தத்தில் எழுதியது எழுதியதுதான் என்பது அதன் சாரம். விமான வாடகை வழக்கறிஞர்கள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். நம் ஊர் விமான நிறுவனம் உலகச் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்தது இந்த வகையில்தான், என்ன செய்ய.

ஐந்தில் மூன்று போனால் மிச்சம் இரண்டை வைத்து எட்டு ஊருக்கு அட்டவணை போட முடியாது. அந்த 2010லேயே எல்லாம் முடிந்தது. அதே வருடம் செப்டம்பரில் மதுரையில் புது முனையம் திறந்தார்கள், பளபளவென்று.

"கூட்டம் இருந்ததே" என்கிற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். ஒரு விமான நிறுவனத்தின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது? விமானம் வாடகை. இன்ஜின் பெரும்பாலும் வாடகை. கவுன்டர், கேட், ஹேங்கர் எல்லாம் வாடகை. சொந்தமாக இருப்பது பெயர், உரிமம், கொஞ்சம் ஆட்கள். மூன்று மாதம் சறுக்கினால் விற்றுத் தாக்குப்பிடிக்க ஒன்றும் கிடையாது. ஜவுளி மில்லுக்கு அப்படி இல்லை. மில் இரண்டு வருடம் நஷ்டத்தில் ஓடினாலும் நிலம் இருக்கும், எந்திரம் இருக்கும், பாங்க்காரனும் பொறுப்பான். மில் நடத்தித் தேறியவர்கள் விமானத்தையும் அப்படி நடத்திவிடலாம் என்று வருகிறார்கள், அங்கேதான் கணக்கு தப்புகிறது. இது என் அபிப்பிராயம்தான். காற்றாலை வியாபாரத்திலிருந்து வந்த சென்னை என்இபிசி ஏர்லைன்ஸ் தொண்ணூறுகளில் இதே மாதிரி பழைய ஃபோக்கர் விமானங்களோடு கிளம்பி, இடையில் தமானியா ஏர்வேஸையும் வாங்கி, 1997இல் படுத்துவிட்டது.

சாகப்போகிற விமான நிறுவனம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். பத்திரிகையில் வருவதற்கு முன்பே ஓடுதளத்தில் தெரிந்துவிடும். இது வேறு ஒரு சின்ன நிறுவனம், பெயர் வேண்டாம். எண்ணெய்க் கம்பெனி கடன் கொடுப்பதை நிறுத்தி, கையில் காசு வந்தால்தான் எண்ணெய் என்று சொல்லியிருந்தது. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள், கதவு திறந்தே இருக்கிறது, பவுசர் என்கிற எரிபொருள் லாரி பக்கத்தில் வந்து நிற்கிறது, டிரைவர் குழாயை இறக்காமல் போனில் "வந்துருச்சா சார், வந்துருச்சா சார்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே ஏர்ஹோஸ்டஸ் "சிறிய தொழில்நுட்பத் தாமதம்" என்று அறிவிக்கிறார். கொச்சியில் டிக்கெட் கவுன்டரில் சேர்ந்த காசு பாங்க்கில் ஏறி இங்கே தகவல் வர நாற்பது நிமிடம் ஆனது. எங்களுக்கு அவர்கள் தரவேண்டிய நான்கு மாத பாக்கி அன்றைக்கே கைகழுவியாச்சு என்று நான் மனதில் எழுதிக்கொண்டேன். வரவும் இல்லை.

பாரமவுண்டுக்கு அப்புறம் வந்தவர்கள் பாடம் படித்தார்களா? விஜயவாடாவைச் சேர்ந்த ஏர் கோஸ்டா 2013 அக்டோபரில் அதே எம்ப்ரேயரோடு வந்தது. 2014 பிப்ரவரியில் சிங்கப்பூர் கண்காட்சியில் ஐம்பது புது எம்ப்ரேயருக்கு ஆர்டர் கொடுத்தது, 2017 பிப்ரவரியில் நின்றது. பாரிஸுக்குப் பதில் சிங்கப்பூர், அவ்வளவுதான் வித்தியாசம். பெங்களூரு ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரலில் தொடங்கி 2016 ஜூலையில் முடிந்தது. கோவை ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் ஒற்றை ஏடிஆரோடு வந்து அடுத்த வருடமே போனது.

ஹைதராபாத் ட்ரூஜெட் கொஞ்சம் வேறு. 2015 ஜூலையில் ஆரம்பித்து, சின்ன ஊர்களுக்கு விமானம் விடுவதற்கான அரசாங்கத்தின் உடான் திட்டத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சேலத்துக்கு 2018 மார்ச் 25ஆம் தேதி சென்னையிலிருந்து விமானம் விட்டது அவர்கள்தான், கிங்ஃபிஷர் கைவிட்ட பிறகு பல வருடம் ஆடு மேய்ந்த நிலையம் அது என்று சேலத்துக்காரர்கள் சொல்வார்கள். உடானில் பாதி சீட்டைக் குறைந்த கட்டணத்தில் விற்கவேண்டும், ஒரு மணி நேரப் பயணம் என்றால் திட்டம் தொடங்கியபோது 2,500 ரூபாய்க்குள், அந்த நஷ்டத்தை அரசாங்கம் ஈடுகட்டும், மூன்று வருடத்துக்கு அந்த வழித்தடத்தில் போட்டியும் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் மூன்று வருடம் முடிகிற சமயத்தில் கொரோனா. 2022 பிப்ரவரியில் ட்ரூஜெட்டும் நின்றது. 2023 அக்டோபரில் சேலம்–சென்னைக்கு மறுபடி விமானம் வந்தபோது அது இண்டிகோவின் ஏடிஆர். சின்னவர் பாதை போட்டு, ஆள் சேர்த்து, வழக்கம் பண்ணிவிட்டுப் போவார், பெரியவர் வந்து உட்காருவார். முந்நூறு விமானம் வைத்திருப்பவருக்கு சேலத்தில் மாதம் சில லட்சம் போனால் கணக்கிலேயே தெரியாது.

முதலாளி தப்பா அரசாங்கம் தப்பா என்றால், நான் அறுபது நாற்பது என்பேன். அறுபது முதலாளிக்கு: கையில் ஒரு வருட வாடகைக்குப் பணம் இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் வரவே கூடாது. நாற்பது அரசாங்கத்துக்கு: வளர்ந்தால் பறிபோகிற சலுகை, கூடவே விமானத்தை வாடகைக்குக் கொடுக்கிறவர்களுக்கு நம் நாட்டின் மேல் இருந்த பயம். விமானத்தைத் திரும்ப எடுப்பது பற்றிய கேப்டவுன் உடன்படிக்கையில் 2008லேயே இந்தியா சேர்ந்தது, அதற்கான சட்டத்தை முழுமையாகக் கொண்டுவந்தது 2025இல். நடுவில் 2023இல் கோ ஃபர்ஸ்ட் என்ற விமான நிறுவனம் திவாலாகி, ஐம்பது விமானத்துக்கு மேல் சொந்தக்காரர்கள் எடுக்கமுடியாமல் ஒரு வருடம் நின்றது. இந்த பயத்துக்கெல்லாம் வாடகையில்தான் விலை வைப்பார்கள், பெரியவர் பேரம் பேசிக் குறைத்துக்கொள்வார், ஐந்து விமானம் வேண்டும் என்று வருகிறவர் கேட்டதைக் கொடுப்பார்.

கடைசியாக, யாராவது அந்த விமானத்தில் மறுபடி உட்கார முடியுமா என்று கேட்டால், முடியும். பெங்களூருவிலிருந்து ஓடும் ஸ்டார் ஏர் 2023இலிருந்து எம்ப்ரேயர் 175 வைத்திருக்கிறது. 76 சீட், இன்னும் எண்பதுக்குள்ளேதான். ஆனால் அதில் பிசினஸ் 12, மிச்சம் 64ம் எகானமி.